வயதுக்கு வரும் முன்பே பேசிவிடுங்கள்: மகளிடமும், மகனிடமும்

நம் ஊரில் ஒரு பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. தாய்மாமன் சீர்த்தட்டோடு வருகிறார், மண்டபம் பிடிக்கிறார்கள், முச்சந்தியில் பிளெக்ஸ் வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடம், "உன் உடம்புக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?" என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. பையன்களுக்கு அந்தச் சடங்குகூடக் கிடையாது. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, ஒருநாள் விடிகாலையில் ஈரமான டவுசரோடு எழுந்து பயந்துபோகிறான். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. அவனுக்குச் சொல்லித்தர இருப்பது கடைசி பெஞ்சு நண்பனும் கையில் கிடைக்கும் போனும்தான்.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, ஒரு அம்மாவாவது தயங்கி நின்று, "டீச்சர், இதை எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்பார். அப்பாக்கள் கேட்பது குறைவு. இருவருக்காகவும்தான் எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு 8 வயது முடிந்திருந்தால் இது உங்களுக்கானது.

எப்போது ஆரம்பிப்பது?

பெண் பிள்ளைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் மாற்றம் தொடங்கும். ஆண் பிள்ளைகளுக்கு 9 வயதிலிருந்து 14 வயதுக்குள். மாதவிடாய்தான் முதல் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மார்பு லேசாக அரும்புவதுதான் பெண் பிள்ளைகளில் முதல் அறிகுறி. அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வரும். அதாவது பேசுவதற்கு இயற்கையே உங்களுக்கு இரண்டு வருட அவகாசம் கொடுத்திருக்கிறது. பையன்களில் முதலில் விதைகள் பெரிதாகும். வெளியே தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. உயரமும் குரலும் அதற்குப் பிறகுதான்.

பள்ளியில் பருவமடைதல் பற்றிய பாடம் ஏழாம் வகுப்பு அல்லது எட்டாம் வகுப்பு அறிவியலில்தான் வருகிறது. அதற்குள் அந்த வகுப்பில் பல பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்திருப்பார்கள். ஆகவே பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் உங்கள் வாய் பழக வேண்டும்

பெரும்பாலான பெற்றோருக்குத் தடையாக இருப்பது விஷயம் தெரியாதது இல்லை, சொற்கள் வாயில் வராததுதான். ஆணுறுப்பு, விதைப்பை, பெண்ணுறுப்பு, மார்பு, கருப்பை, மாதவிடாய், விந்து. கணவனும் மனைவியும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து, பிள்ளைக்கு எப்படிச் சொல்வோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் முறை கூச்சம் பாதியாகிவிடும். பிள்ளை சின்ன வயதிலிருந்து வீட்டில் சொல்லும் செல்லப் பெயர்கள் இருக்கட்டும், தவறில்லை. அதோடு உண்மையான பெயரும் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரிடமோ ஆசிரியரிடமோ ஒன்றைச் சொல்ல நேர்ந்தால் அது சரியாகப் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

பாட்டி, அத்தை, சித்தியிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நீங்கள் ஒன்று சொல்ல, "ச்சீ, அதையெல்லாம் பேசாதே" என்று அவர்கள் ஒன்று சொன்னால் பிள்ளை உங்களிடமும் கேட்பதை நிறுத்திவிடும்.

பேச்சைத் தொடங்கும் இடம்

பிள்ளையை எதிரே உட்கார வைத்து, கதவைச் சாத்தி, "உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்று தொடங்காதீர்கள். பாதிப் பிள்ளைகள் அதிலேயே பயந்துவிடும். கண்ணோடு கண் பார்க்காத இடம்தான் இதற்கு வசதி. டியூஷனிலிருந்து பைக்கில் கூட்டி வரும்போது பின்னால் உட்கார்ந்திருக்கும் மகனிடம் ஒரு அப்பாவால் பேச முடிகிற விஷயங்கள், ஹாலில் ஃபேன் அடியில் உட்கார்ந்து பேச முடியாதவை. துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது, மொட்டை மாடியில் காற்று வாங்கும்போது, இப்படிக் கை ஒரு வேலையில் இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

தொடக்கம் சின்னதாக இருக்கட்டும். டிவியில் நாப்கின் விளம்பரம் ஓடும்போது சேனலை மாற்றாமல், "இது எதுக்குன்னு தெரியுமா கண்ணு?" என்று கேளுங்கள். "தெரியாது" என்றால் சொல்லுங்கள். "தெரியும்" என்றால், "என்ன தெரியும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டு, பிள்ளை வைத்திருக்கும் அரைகுறைத் தகவலைத் திருத்துங்கள். ஐந்து நிமிடம் போதும், விட்டுவிடுங்கள். அடுத்த வாரம் இன்னொரு ஐந்து நிமிடம் கிடைக்கும்.

உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி வந்தால், "எனக்கு உறுதியாத் தெரியலைடா, விசாரிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லி, நாளை கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

மகளிடம்

உடம்பில் வரப்போகும் மாற்றங்களை அவை வரும் வரிசையிலேயே சொல்லிவிடுங்கள். மார்புக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போலத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும், ஒரு பக்கம் முதலில் வந்து மறுபக்கம் சில மாதம் கழித்து வரலாம். இது தெரியாமல் புற்றுநோயோ என்று பயந்துபோகும் பெற்றோரே உண்டு. அக்குளிலும் அடிவயிற்றுக்குக் கீழும் முடி வளரும். வியர்வை வாசம் மாறும். முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளையாகப் படும். அரிப்போ துர்நாற்றமோ நிறமாற்றமோ இல்லாதவரை அது இயல்பு.

மாதவிடாயை இப்படிச் சொல்லலாம்: "உன் வயித்துக்குள்ள கருப்பைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு குழந்தை வந்தா தங்கறதுக்காக, அதோட உட்சுவரு மாசாமாசம் ரத்தத்தோட தடிமனா வளரும். குழந்தை உண்டாகலைன்னா அது தேவையில்லை, கரைஞ்சு வெளியே வந்துடும். அடிபட்டு வர்ற ரத்தம் இல்லை இது. அழுக்கு ரத்தமும் இல்லை." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். "கெட்ட ரத்தம் வெளியேறுது" என்று நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். தன் உடம்பில் கெட்டது ஒன்று ஊறிக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தோடு ஒரு குழந்தை வளர வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு நாப்கினைக் கையில் கொடுங்கள். உறையைப் பிரித்து, பின்னால் இருக்கும் தாளை உரித்து, அவளுடைய உள்ளாடை ஒன்றில் அவளையே ஒட்டச் சொல்லுங்கள். முன்பக்கம் எது, இறக்கையை எப்படி மடிப்பது என்று ஒருமுறை செய்து பார்த்தால் போதும். அதன்மேல் இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர் ஊற்றி, உறிஞ்சுவதைக் காட்டுங்கள். ஒரு மாதவிடாய் முழுவதும் சேர்த்தே வழக்கமாகப் போவது 30, 40 மில்லி, கிட்டத்தட்ட அந்த அளவுதான் என்று சொல்லுங்கள். ரத்தம் குடம் குடமாகக் கொட்டும் என்று கற்பனை செய்து வைத்திருக்கும் பிள்ளைகளின் முகம் அப்போது தெளிவதைப் பார்க்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பேப்பரில் சுற்றிக் குப்பைக்கூடையில் போட வேண்டும், கழிவறைக்குள் போடக் கூடாது. வீட்டில் துணி பயன்படுத்தும் வழக்கம் என்றால் அதுவும் சரிதான், ஆனால் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். மற்ற துணிக்கு அடியில் ஒளித்து நிழலில் காயப்போட்டால் கிருமி தங்கும்.

புத்தகப் பைக்குள் ஒரு சின்ன ஜிப் பை இருக்கட்டும். இரண்டு நாப்கின், ஒரு உள்ளாடை, ஒரு காலி கவர், மடித்த செய்தித்தாள். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அது பையில் கிடக்கட்டும். முதல்முறை சிவப்பாக இல்லாமல் காய்ந்த பழுப்புக் கறையாகவும் வரலாம் என்று சொல்லி வையுங்கள். பள்ளியில் வந்தால் எந்த டீச்சரிடம் போய்ச் சொல்வாள், என்ன வார்த்தை சொல்வாள் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு அரசு இலவசமாக நாப்கின் கொடுக்கிறது. அரசுப் பள்ளி, அங்கன்வாடியில் விசாரித்து வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையையும் தவிர்க்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், மலம் கறுப்பாகப் போனால் பயமும் வேண்டாம்.

முதல் ஓரிரு வருடம் சுழற்சி சீராக இருக்காது. 21 நாளில் வரலாம், 45 நாளிலும் வரலாம். 2 முதல் 7 நாள் வரை இருக்கலாம். காலண்டரில் குறித்து வைக்கப் பழக்குங்கள். வலி வருவது கருப்பைத் தசை சுருங்குவதால். வெந்நீர் ஒத்தடம் உதவும். பள்ளிக்கே போக முடியாத அளவு வலி என்றால் "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்" என்று சொல்லாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

சடங்கு செய்வதும் செய்யாததும் உங்கள் குடும்பம் முடிவெடுக்க வேண்டியது. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வதில் அன்பு இருக்கிறது. ஆனால் பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் தெரிய வேண்டாம் என்று அவள் அழுதால், பிளெக்ஸ் வேண்டாம். தனித் தட்டு, தனிப் பாய், தனி மூலை என்று ஒதுக்கி வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தலைக்குக் குளிக்கலாம், ஊறுகாயைத் தொடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஓடி விளையாடலாம். அன்றிரவு அப்பா வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும். வயதுக்கு வந்த மறுநாளே அப்பா விலகிப் போய்விடுவதைத்தான் பல பெண் பிள்ளைகள் தாங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

மகனிடம்

இங்கேதான் நாம் மோசமாகக் கைவிடுகிறோம். "ஆம்பளப் பையன், தானா தெரிஞ்சுக்குவான்" என்கிறோம். தானாகத் தெரிந்துகொள்ளத்தான் செய்கிறான், ஆனால் எதை? பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் நோட்டீஸை வாசிக்கிறான். பின்னிரவு டிவியில், கைப்பழக்கத்தால் நரம்புத் தளர்ச்சி வரும், உறுப்பு சிறுத்துவிடும், கல்யாண வாழ்க்கையே பாழாகும் என்று ஒருவர் மிரட்டுவதைக் கேட்கிறான். இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லிருந்தே இந்தியாவில் சட்டம் இருக்கிறது. ஆனாலும் நோட்டீஸ் ஒட்டப்படுகிறது, பதினாலு வயதுப் பையன் அதை நம்பி, தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பல வருடம் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறான். இந்தப் பயத்தை ஒரு அப்பா பத்து நிமிடத்தில் போக்கிவிடலாம்.

பைக்கில் போகும்போது சொல்லக்கூடியது இது:

"தம்பி, இன்னும் கொஞ்ச நாள்ல உனக்குத் தூக்கத்துல விந்துன்னு வெள்ளையா, கொழகொழன்னு வெளியே வரும். டவுசர் ஈரமாகும். அது ஒண்ணுக்கு இல்லை, வியாதி இல்லை. எனக்கும் வந்துச்சு. டவுசரை அலசிப் போட்டுட்டு வேற மாத்திக்க, யாரும் உன்னை ஒண்ணும் கேட்க மாட்டோம்."

"எனக்கும் வந்துச்சு" என்ற அந்த இரண்டு வார்த்தை எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அம்மா மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் அம்மாவே பேசலாம், அல்லது நம்பிக்கையான தாய்மாமாவோ சித்தப்பாவோ பேசலாம். "எல்லா ஆம்பளைப் பசங்களுக்கும் வரும்" என்று சொன்னாலும் போதும்.

சுய இன்பம் பற்றியும் மறைக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது பிள்ளைகள் தங்கள் உறுப்பைத் தொட்டுப் பார்ப்பது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அதனால் உடம்பு இளைக்காது, கண் குழி விழாது, பிற்காலத்தில் குழந்தை பிறக்காமல் போகாது. ஒரு துளி விந்து இத்தனை துளி ரத்தத்துக்குச் சமம் என்று சொல்வதில் உண்மை இல்லை. விதைகள் விந்தணுவை உற்பத்தி செய்துகொண்டேதான் இருக்கும். "அது உன் தனிப்பட்ட விஷயம், தனி இடத்துல மட்டும்தான், கையைக் கழுவிக்க" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இந்த வயதில் மார்பு லேசாக வீங்கும். சட்டையைக் கழற்றிக் கிணற்றில் குதித்துக்கொண்டிருந்த பையன் திடீரென்று பனியனோடு குளிக்கிறான் என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வருவது இது. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடத்துக்குள் தானே அடங்கிவிடும். சொந்தக்காரர்கள் யாராவது கேலி செய்தால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். குரல் கரகரப்பதைக் கேலி செய்வதும் வேண்டாம்.

குளிக்கும்போது ஆணுறுப்பின் முன்தோலை எவ்வளவு எளிதாகப் பின்னால் தள்ள முடிகிறதோ அவ்வளவு மட்டும் தள்ளித் தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. சில பையன்களுக்குப் பருவமடையும்வரைகூட அது முழுவதும் பின்னால் போகாது.

இன்னொன்றை ஒவ்வொரு பையனுக்கும் கட்டாயம் சொல்லியாக வேண்டும். விதைப்பையில் திடீரென்று கடுமையான வலி வந்தால், அது நள்ளிரவாக இருந்தாலும், உடனே அப்பாவையோ அம்மாவையோ எழுப்ப வேண்டும். விதை தன் மேலேயே முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது இந்த வயதில் நேரக்கூடியது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். அதற்குமேல் தாமதமாக ஆக அந்த வாய்ப்பு குறையும். பையன்கள் கூச்சப்பட்டு "வயித்து வலி" என்பார்கள், வாந்தியும் இருக்கும், நாமும் ஓமத் தண்ணீர் கொடுத்துக் காலைவரை பார்ப்போம். "அந்த இடத்துல வலின்னா வெட்கப்படாம சொல்லு, நேரா ஆஸ்பத்திரிதான்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

மாதவிடாய் என்றால் என்ன என்பது மகனுக்கும் தெரியட்டும். அக்காவுக்கு நாப்கின் வாங்க அவனைக் கடைக்கு அனுப்புங்கள். கறுப்பு கவர் கேட்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையின் பாவாடையில் கறை பட்டிருந்தால் சிரிக்காமல் டீச்சரிடம் சொல்லக்கூடிய பையன் அப்படித்தான் உருவாகிறான்.

"குழந்தை எப்படி வருது?"

கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எட்டு வயதில், "அப்பா உடம்புல இருக்குற விந்தணுவும் அம்மா உடம்புல இருக்குற கருமுட்டையும் சேர்ந்தா குழந்தை உருவாகும், கருப்பையில வளரும்" என்பது போதும். பத்து, பதினொன்றில், "அது எப்படிச் சேரும்?" என்று அடுத்த கேள்வி வரும். "பெரியவங்களான ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் சம்மதம் இருந்து நெருக்கமா இருக்கும்போது, ஆணுறுப்பு பெண்ணுறுப்புக்குள்ள போகும், அப்போ விந்தணு உள்ளே போகும். அதுக்குப் பேரு உடலுறவு. வளர்ந்தவங்களுக்கானது அது." இதைச் சொல்லும்போது உங்கள் குரல் தடுமாறினால் பரவாயில்லை. பிள்ளை "ஐயே!" என்று முகத்தைச் சுளித்துவிட்டு விளையாட ஓடிவிடும். அந்த வயதுக்கு அது சரியான பதில்வினைதான்.

போனும் சினிமாவும்

ஆபாசப் படம் பிள்ளையின் கண்ணில் எப்போது பட்டாலும் அதிர்ச்சிதான். நீங்கள் பார்க்காதபோது படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "போன்ல எதாவது அசிங்கமா வந்தா மூடிட்டு என்கிட்ட வந்து சொல்லு. போனைப் பிடுங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். அந்தப் படங்கள் காசுக்காக நடித்து எடுக்கப்பட்டவை, உண்மையில் மனிதர்களின் உடம்பும் உறவும் அப்படி இருப்பதில்லை என்றும் சொல்லுங்கள். உடையில்லாத படத்தை யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. ஒருவேளை அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்டால், முதலில் ஓடி வர வேண்டிய இடம் வீடு.

சினிமாவை நான் பேசுவதற்கு வசதியாகவே பார்க்கிறேன். பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் கதாநாயகனை நம் டிவி நாள்தோறும் காட்டுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு வேண்டாம்னு சொல்லிடுச்சே, அப்புறமும் ஏன் பின்னாடியே போறான்?" என்று கேளுங்கள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடந்துவிடும்.

தான் மற்ற பிள்ளைகளைப் போல இல்லை, தனக்குத் தன் பாலினத்தவர்மேல்தான் ஈர்ப்பு வருகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அடிக்காதீர்கள், மந்திரிக்கக் கூட்டிப் போகாதீர்கள். அது நோய் இல்லை. அதைச் சிகிச்சையால் மாற்ற முயல்வதை 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்திருக்கிறது.

தொடுதலும் ரகசியமும்

நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று மட்டும் சொல்லித் தந்தால் போதாது. தவறு செய்கிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குப் பழக்கமானவர், அன்பாகவே நடந்துகொள்வார், அந்தத் தொடுதல் வலிக்காமலும் இருக்கும். ஆகவே எளிமையான ஒரு விதி கொடுங்கள்: "உடம்பைத் தொட்டுட்டு யாராவது 'அம்மாகிட்டச் சொல்லாதே'ன்னா, அது யாரா இருந்தாலும் அன்னைக்கே என்கிட்டச் சொல்லணும்." விருந்தினர் வந்தால், "மாமாவுக்கு முத்தம் கொடு" என்று கட்டாயப்படுத்துவதையும் நிறுத்துங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வீட்டுக்குள்தான் முதலில் பழக வேண்டும்.

பிள்ளை அப்படி ஏதாவது சொன்னால் நம்புங்கள். "நீ ஏன் அங்க போனே?" என்று கேட்காதீர்கள். "என்கிட்டச் சொன்னது நல்லது, உன்மேல தப்பே இல்லை" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். இப்போதுதான் நடந்தது என்றால் குளிப்பாட்டாமல், துணியைத் துவைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். வழக்குப் பதியாவிட்டாலும் பரிசோதனை செய்யச் சட்டம் வழி வைத்திருக்கிறது. கருத்தடைக்கும் எச்.ஐ.வி. தடுப்புக்கும் மருந்து கொடுக்க முதல் 72 மணி நேரம் முக்கியம். 1098 என்ற எண் குழந்தைகளுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீஸ் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளைக்கு வசதியான இடத்திலோ வந்து, சீருடை இல்லாமல் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயரை வெளியிடக் கூடாது. குடும்ப மானம் போய்விடும் என்று மூடி மறைத்தால், செய்தவர் அடுத்த பிள்ளையிடம் போவார்.

டாக்டரிடம் எப்போது?

பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்போ, ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்போ மாற்றம் தொடங்கினால் காட்டுங்கள். 13 வயதாகியும் மார்பு அரும்பாவிட்டாலும், 15 ஆகியும் மாதவிடாய் வராவிட்டாலும், பையனுக்கு 14 ஆகியும் ஒரு மாற்றமும் தெரியாவிட்டாலும் காட்டுங்கள். ஏழு நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, மூன்று மாதத்துக்கு மேல் வராமல் இருப்பது, இவற்றுக்கும் டாக்டர் வேண்டும். முகப்பருவுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சிவப்பழகு க்ரீம் வேண்டாம். சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோல் கெட்டுப்போகும்.

போகும்போது எச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் முக்கியமான வைரஸ் வகைகளுக்கு எதிரானது இது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். ஒரு டோஸா, ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் 2023லிருந்து கிடைக்கிறது. பையன்களுக்கும் போடலாம். "எனக்கு எதுக்கும்மா இந்த ஊசி?" என்று மகள் கேட்பாள். "உன் உடம்புல கருப்பைன்னு ஒண்ணு இருக்குன்னு சொன்னேனே, அதோட வாசலைப் பாதுகாக்க" என்று அங்கே வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள். டோக்கன் நம்பர் கூப்பிடும்வரை நேரம் இருக்கிறது, அடுத்த கேள்வியும் வரும்.